உப்புக் கிண்ணத்து மிளகாய்

பிள்ளைகளா,

போன மாதம் செல்வி என்னைக் கூப்பிட்டு, நம் சமையல்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகச் சொன்னாள். வந்தேன். காய் நறுக்குகிற மேடையைச் சுற்றி நீங்கள் எல்லோரும் நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தீர்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, எல்லாரும் நல்லா இருங்க என்று மட்டும் சொல்லிக் கிளம்பிவிட்டேன். அம்பத்தூரில் பஸ் ஏறி ஆவடி வந்து சேருகிற வரைக்கும், சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். அதனால் எழுதித் தருகிறேன். படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு மூக்குத்தி போட்ட பிள்ளை ஒருத்தி என்னிடம் ஒன்று கேட்டாள். "தெனம் சமைக்கிறதுக்கு எந்த உப்புமா நல்லது? இயற்கை உப்புன்னு ரோஸ் கலர்ல ஒண்ணு விக்குதே, அத வாங்கலாமா?" பதில் சொல்லாமலே வந்துவிட்டேன்.

வரும்போது இன்னொன்றையும் பார்த்தேன். சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் உப்புக் கிண்ணம் இருந்தது. உப்பின் மேல் இருக்க வேண்டிய காய்ந்த மிளகாய் இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, அது திருஷ்டிக்கு வைக்கிறது, நாங்கள் அதையெல்லாம் நம்புவதில்லை, எடுத்துவிட்டோம் என்று சிரித்தீர்கள். உப்பும் மிளகாயும் சேர்ந்திருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். உங்கள் மேல் குறையில்லை. ஆனால் அந்த மிளகாய் திருஷ்டிக்கு வைத்தது இல்லை.

முதலில் உப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நான் சேர்ந்த காலத்தில் நம்முடைய சமையல்கூடம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் கோடியில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே சமைத்து, பக்கத்தில் இருக்கிற சின்னச் சின்ன கம்பெனிகளுக்கு மத்தியானச் சாப்பாடு அனுப்புவோம். அப்போதிலிருந்து நமக்குக் கல்லுப்புதான். மூட்டையாக வரும். மூட்டையைப் பிரித்ததும் முதல் வேலை, ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு பிடி உப்பைப் போட்டுக் கரைத்து வைப்பது. கரைந்ததும் அடியில் மண்ணோ கறுப்போ தங்கினால் அந்த மூட்டை திரும்பிப் போகும். இதை ஒருமுறை விட்டுவிட்டோம். அன்றைக்குக் கூட்டில் நறநறவென்று மண் கடித்து, லேத் பட்டறை ஆள் ஒருத்தர் கேரியரோடு திரும்பி வந்து, "இன்னா, எங்க பட்டறை தூள வாரிப் போட்டீங்களா?" என்று கேட்டார். அதற்கப்புறம் டம்ளர் சோதனையை யாரும் விட்டதில்லை.

கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டக்கூடாது. ஒரு கல்லை நாக்கில் வைத்தால் கரிப்பு வந்து போனபின் கசப்பு நிற்கக்கூடாது. அந்த வருஷம் வாரின புது உப்பு கசக்கும். குவித்துப் போட்டு, மழை பார்த்து, நீர் வடிந்த பழைய உப்பு கசக்காது. இதை எனக்குச் சொன்னது செல்வி. அவளுக்கு எப்படித் தெரியும் என்பது பின்னால் வருகிறது.

ரோஸ் கலர் உப்பும் உப்புதான். எங்கோ மலையில் வெட்டி எடுப்பதாம். வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். ஆனால் இயற்கை என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறது என்பதற்காக ஒரு கை கூடுதலாகப் போடக்கூடாது. எனக்கு பிரஷர் பார்க்கிற டாக்டரம்மா, எந்த உப்பானாலும் உடம்புக்குக் கணக்கு ஒன்றுதான் என்று சொல்லியிருக்கிறார். அயோடின் சேர்த்ததாகப் பார்த்து வாங்கச் சொன்னதும் அவர்தான். கல்லுப்பிலேயே அயோடின் சேர்த்தது இப்போது கடையில் கிடைக்கிறது. நான் வீட்டுக்கு வாங்குவது அதைத்தான்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். உப்பை மாற்றினால் கை அளவும் மாறும். ஒரு பிடி கல்லுப்புக்குள் இடைவெளி இருக்கும். ஒரு பிடி தூளில் இடைவெளி இருக்காது. அதோடு, தூள் போட்டவுடன் கரைந்துவிடும். கல்லுப்பு மெதுவாகத்தான் கரையும். போட்ட கையோடு ருசி பார்த்தால் உப்பு இல்லாத மாதிரிதான் இருக்கும். கொஞ்சம் காத்திருந்துதான் பார்க்க வேண்டும். காத்திருக்க முடியாதவர்களுக்குக் கல்லுப்பு ஒத்துவராது.

இனி மிளகாய்க்கு வருகிறேன்.

அப்போது நமக்கு மாஸ்டராக இருந்தவர் பூந்தமல்லியிலிருந்து வருகிற ஒரு பாய். அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. முதலாளியம்மா முதல் கியாஸ் கொண்டுவருகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் பாய்தான். காலையில் வந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, ஒவ்வொரு அண்டாவுக்கும் வேண்டிய உப்பைக் கையால் அளந்து, தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு, அந்தந்த அடுப்புப் பக்கத்தில் வைப்பது. உப்பைப் போட்டு முடித்ததும் கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பார். நிமிர்ந்திருந்தால் இன்னும் போடவில்லை, கவிழ்ந்திருந்தால் போட்டாகிவிட்டது. இதுதான் அடையாளம். உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று நம் கொட்டகையில் யாரும் கொடுக்க மாட்டோம். அதனால் கிண்ணம் வைத்த இடத்திலேயே இருக்கும். போட்டாச்சா, போடலையா என்று அடுப்புச் சத்தத்தில் கத்த வேண்டியதும் இல்லை.

செல்வி தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். அவள் அம்மாவும் அவளும் உப்பளத்தில் உப்பு வாரினவர்கள். புருஷனுக்கு ஆவடி ஃபேக்டரியில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்து, முத்தாபுதுப்பேட்டையில் வாடகைக்குக் குடிவந்தார்கள். அந்தக் கான்ட்ராக்ட் முடிந்துபோனது. அவர் வெளியூரில் வேலை தேடிப் போனார். இவள் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு நம்மிடம் வந்து சேர்ந்தாள். வந்த புதிதில் அவள் செருப்பைக் கழற்றும்போது பார்த்தேன். உப்புத்தண்ணீரில் நின்று நின்று பாதம் முழுக்க வெடிப்பு. நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். "இந்த வேல நெலச்சாத்தான்க்கா இங்க இருப்போம். இல்லன்னா பிள்ளையக் கூட்டிக்கிட்டுத் திரும்ப அளத்துக்குத்தான் போவணும்" என்று ஒருமுறை மட்டும் சொன்னாள். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முதலாளியம்மா அவளை ஒரு மாதம் பார்க்கிறேன் என்று சொல்லித்தான் சேர்த்திருந்தார். கை மெதுவு என்று அவருக்கு ஒரு மனக்குறை. மெதுவு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வேலையைத் தொட்டால் அதைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவாள்.

அது நோம்பு மாதம். பாய் நோம்பு வைத்துக்கொண்டுதான் அனலில் நிற்பார். தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். சமைக்கிறவர் நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டால் தப்பில்லை என்று யாரோ சொன்னார்கள். அதற்கும் அவர் ஒப்பவில்லை. அந்த மாதத்துக்கு ருசி பார்க்கிற வேலை என்னிடம் வந்தது. ஏன் என்னிடம் என்று கேட்டதற்கு, "நீதாம்மா பேசிகினே இருக்க மாட்ட. வாய் சும்மா கீற ஆளுக்குத்தான் நாக்கு சுத்தமா கீது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

பேச வேண்டியிராத மாதிரி ஒரு ஏற்பாடும் செய்துகொடுத்தார். உப்பு கரைந்தபின் கரண்டியில் எடுத்துப் பார்ப்பேன். சரியாக இருந்தால் தலையை ஆட்டுவேன். குறைந்திருந்தால் கையை விரிப்பேன். கூடிப்போனால் என்ன செய்வது என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை. பாய் கையில் உப்பு கூடியதே கிடையாது.

அன்றைக்குத் திருமழிசையில் ஒரு புதுக் கம்பெனிக்கு முதல் சாப்பாடு போக வேண்டும். முதலாளியம்மா காலையிலேயே வந்து கொட்டகைக்குள் நின்றார். நாலு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது. பாய் சாம்பார் அண்டாவில் உப்பைக் கொட்டி, கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, வேன்காரர் கூப்பிட்டார் என்று வெளியே போனார். நான் சாதம் வடித்துக்கொண்டிருந்தேன்.

அதுவரைக்கும் கழுவுகிற பக்கமே இருந்த செல்வி, அன்றைக்குத்தான் அடுப்புப் பக்கத்து மேடையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கவிழ்ந்து கிடந்த உப்புக் கிண்ணத்தைப் பார்த்தாள். அவள் வளர்ந்த ஊரில் உப்புப் பாத்திரம் காலியாக இருக்கவே கூடாது. காலியானால் வீட்டில் ஒன்றும் தங்காது என்பார்கள். உப்பிலேயே பிழைக்கிறவர்கள் இல்லையா, அந்தப் பயம் அவர்களுக்கு இன்னும் கூடுதல். நம் அடையாளத்தை அவளுக்கு யாரும் சொல்லவும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்தது இவளுக்கும் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டோம். அவள் கிண்ணத்தை நிமிர்த்தி, முந்தானையால் துடைத்து, காலையில் பாய் வைத்திருந்த அதே அளவுக்கு மூட்டையிலிருந்து உப்பை எடுத்து நிரப்பி, அதே இடத்தில் வைத்துவிட்டுக் கழுவுகிற பக்கம் போய்விட்டாள்.

பாய் உள்ளே வந்தார். கிண்ணம் நிமிர்ந்து நிறைய இருந்தது. ஒரு நிமிஷம் நின்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். வெறும் வயிறு, அனல், நாலு அண்டா. போடவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கொட்டிவிட்டுக் கவிழ்த்தார்.

உப்பு கரையக் காத்திருந்து, நான் கரண்டியோடு போனேன். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நாக்கில் வைத்தேன். கடல் தண்ணீர் மாதிரி இருந்தது.

பாய் என் முகத்தையே பார்த்தார். தலையை ஆட்ட முடியவில்லை. கையை விரிக்கவும் முடியவில்லை. அதற்குத்தான் அடையாளமே இல்லையே. முதலாளியம்மா இரண்டடியில் நிற்கிறார். சொன்னால் யாரால் என்ற கேள்வி வரும். கழுவுகிற பக்கம் செல்வி கரி பிடித்த வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடந்தது அவளுக்கு அப்போது தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் பழி என்று ஒன்று வந்தால் அது புதிதாக வந்தவள் மேல்தான் போய் விழும் என்பது தெரியும். வேன் வெளியே நிற்கிறது. நான் பேசாமல் இருந்தால் அண்டா ஏறிப் போய்விடும்.

"பாய், கரிக்குது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டு இன்னொரு தடவை சொன்னேன். "ரொம்பக் கரிக்குது பாய்."

முதலாளியம்மா ஒரு கரண்டி வாங்கி வாயில் வைத்துப் பார்த்து, அப்படியே துப்பினார். யார் உப்புப் போட்டது, எத்தனை தடவை போட்டது என்று சத்தம் போட்டார். பாய் கவிழ்ந்த கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, இதை நடுவில் யாராவது எடுத்தீர்களா என்று அமைதியாகத்தான் கேட்டார். தண்ணீர்க் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. செல்வி ஈரக்கையோடு முன்னால் வந்தாள்.

"நாந்தான் நெரப்பி வச்சேன். உப்புச் சட்டி காலியா இருக்கக் கூடாதுல்லா."

இந்த மாதம்கூட முடிய வேண்டாம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். செல்வி வெடித்த பாதத்தை ஒன்றின் மேல் ஒன்று வைத்துக்கொண்டு நின்றாள். பாய் அப்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. அப்புறம்தான் புரிந்தது. முதலில் அண்டாவைக் கவனிக்க வேண்டும், அப்புறம் ஆளை. அடுப்பில் ஒன்று எரியும்போது இரண்டையும் ஒன்றாகப் பேசினால் இரண்டும் கெட்டுவிடும்.

முதலாளியம்மா உருளைக்கிழங்கு போடச் சொன்னார், தண்ணீர் ஊற்றச் சொன்னார். பாய் வேண்டாம் என்றார். தண்ணீர் ஊற்றினால் உப்பு மட்டுமா குறையும், எல்லாமும் சேர்ந்து நீர்த்துப்போகும். சாதத்தில் நாம் உப்புப் போடுவதில்லை. ரசத்துக்கும் பொரியலுக்கும் இன்னும் உப்புப் போடவில்லை. அதை வைத்துத்தான் அவர் யோசித்தார். பருப்பை உப்பில்லாமல் இன்னொரு மடங்கு வேகவைக்கச் சொன்னார். சாம்பாரில் பாதியை, தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம் என்று எடுத்துத் தனியாக வைத்தார். மீதிப் பாதியில் புதுப் பருப்பைக் கொட்டி, நான் வடித்து வைத்த சாதத்தையும் சேர்த்து, நெய் விட்டு, சாம்பார் சாதமாகக் கிளறினார். பருப்பை வேகவைத்தது செல்விதான். வர வேண்டாம் என்று சொல்லப்பட்ட பிறகும் அவள் போகவில்லை. பருப்பை மசித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நான் ஒவ்வொரு தடவையும் நாக்கில் வைத்து, இன்னும் கரிக்குது, இன்னும் கரிக்குது, இப்போது சரி என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்தக் கொட்டகையில் நான் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். கம்பெனிக்கு முதலாளியம்மாவே போன் செய்து, இன்றைக்கு சாம்பாரில் உப்பு கூடிவிட்டது, சாம்பார் சாதமாக அனுப்புகிறோம் என்று உள்ளதைச் சொன்னார்.

வேன் போய்விட்டது. சாயங்காலம் காலிப் பாத்திரங்கள் திரும்பி வந்தன. சாம்பார் சாதத்தைப் பற்றிக் குறை இல்லை. ஒரே ஒரு குறை சொல்லி அனுப்பியிருந்தார்கள். பொரியலில் உப்பே இல்லையாம். பயத்தில் யாரும் போடவில்லை. வேன்காரர் அதைச் சொன்னதும் பாய் அண்டாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முதலாளியம்மாவுக்கும் அடக்க முடியவில்லை.

அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் பாய் பேசினார். இதற்காகத்தான் அவர் காத்திருந்தார்.

"அம்மா, நோம்புல எனக்கு நாக்கு இல்ல. கண்ணு மட்டும்தான் கீது. எங்க ஊட்லயும் உப்பு ஜாடிய காலியா வுட மாட்டாங்க. அந்தப் பொண்ணு நம்ம ஊட்ல செய்யறதத்தான் செஞ்சுது. நான்தான் ஊட்டுக்கு ஒரு மாதிரி, இங்க ஒரு மாதிரி வச்சுகினு கீறேன். அடையாளத்த மாத்திக்கிறேன். ஆள மாத்தாத."

முதலாளியம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. வேறு என்ன அடையாளம் வைப்பாய் என்று கேட்டார். பாய் செல்வியைக் கூப்பிட்டார். "நீ சொல்லும்மா. காலியாவும் இருக்கக் கூடாது, போட்டாச்சுன்னும் தெரியணும். புதுசா வர்றவங்களுக்கும் புரியணும்."

செல்வி கிண்ணத்தை எடுத்தாள். நிமிர்த்தினாள். அடியில் ஒரு பிடி உப்புப் போட்டாள். காலி இல்லை. பக்கத்து டப்பாவிலிருந்து ஒரு காய்ந்த மிளகாயை எடுத்து, காம்பு மேலே தெரிகிற மாதிரி அந்த உப்பில் குத்தி வைத்தாள். போட்டாகிவிட்டது. வெள்ளைமேல் சிவப்பு. தூரத்திலிருந்து, புகையிலும் தெரிந்தது.

இந்த மாதம் முடியட்டும், பார்க்கலாம் என்றார் முதலாளியம்மா. மாதம் முடிந்தது. யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. செல்வி நாளைக்கு வர வேண்டாம் என்று அப்புறம் யாரும் சொன்னதேயில்லை. இப்போது உங்களை விரட்டி வேலை வாங்குகிற மாஸ்டர் அவள்தான்.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். அவள் பெயர் வருகிறதே. போனில், "எழுதுக்கா. இந்தப் பிள்ளையளுக்கு நாஞ்சொல்லாம வுட்டேன் பாரு, அதுதான் மிளகாய எடுத்துட்டாவ" என்றாள்.

பாய் இப்போது இல்லை. அந்த நாளுக்கப்புறம் புதிதாக யார் வந்தாலும், அவர்களிடம் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு. எந்த ஊர், என்ன படிப்பு, முன்பு எங்கே வேலை செய்தாய் என்றெல்லாம் கேட்க மாட்டார். "உங்க ஊட்ல உப்ப எதுல, எப்டி வப்பீங்க?" என்றுதான் கேட்பார். வந்தவர்கள் விழிப்பார்கள். அப்புறம் சொல்ல ஆரம்பிப்பார்கள். ஜாடி என்பார்கள், மரப்பெட்டி என்பார்கள், வெள்ளிக்கிழமைதான் நிரப்புவோம் என்பார்கள். பாய் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டு, பிறகு மிளகாயைக் காட்டுவார்.

மூக்குத்தி போட்ட பிள்ளைக்கு: கல்லுப்பே வாங்கு. டம்ளரில் கரைத்துப் பார். மிளகாய் பிடிக்கவில்லையென்றால் எலுமிச்சை இலையை வை, வேறு எதையாவது வை, அது உங்கள் இஷ்டம். ஆனால் நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். அடுத்து வருகிற புதுப் பெண்ணிடம், அவள் வீட்டில் உப்பை எப்படி வைப்பார்கள் என்று கேட்டுவிட்டு, அவளையே வைக்கச் சொல்லுங்கள்.